மாப்பிள்ளை கொண்டுவந்த பாம்பு

கல்யாணமான மறுவாரம் விருந்துக்கு வந்த என் வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அத்தனை வம்பும் வந்திருக்காது. கோழிக்குழம்பும் வடையும் இலை நிறையப் பரிமாறியிருந்தார்கள். சாப்பிட்டோமா, வெற்றிலை போட்டோமா என்று எழுந்திருக்க வேண்டியதுதானே. சித்தப்பா ஏதோ பேச்சுக்கு, "ஆப்பிரிக்காவுல பாம்பு உண்டா மாப்ள?" என்று கேட்டுவைத்தார். இவர் பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

இவருக்கு வேலை காபோனில். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாடு அது. அங்கே துறைமுகத்தில் வந்து இறங்கும் சரக்குக்கும் கப்பலேறும் மரத்துக்கும் கணக்கு எழுதும் சுங்க குமாஸ்தா. பிரெஞ்சு படித்த புதுச்சேரிப் பிள்ளைகள் எல்லாரும் கிழக்கே வியட்நாமில் இருக்கிற சைகோனுக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இவர் மட்டும் எதிர்த்திசையில் போயிருந்தார். வில்லியனூர்க்காரர். எங்களுடையது பாகூர்ப் பக்கம், நெல்லும் கரும்பும் போடுகிற வீடு. நீண்ட விடுமுறையில் வந்தவருக்குத் தை மாதத்தில் என்னைக் கட்டிவைத்தார்கள். பங்குனிக் கடைசியில் கப்பல். பெண்சாதிக்கும் சேர்த்து சர்க்காரே டிக்கெட் கொடுக்கும் என்பதால் நானும் கூடப் போவதாகத்தான் பேச்சு.

எனக்குப் போக வேண்டும் என்று கொள்ளை ஆசை. எங்கள் தெருவில் சைகோன்காரர்களின் மனைவிமார் சிலர் இருந்தார்கள். கட்டுகிற பட்டுக்கும் போடுகிற நகைக்கும் குறைவில்லை. புருஷன் மட்டும் சில வருஷத்துக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பான். பிள்ளை அவனைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இந்த ஆளு?" என்று கேட்கும். அந்த வரிசையில் போய் நான் உட்கார மாட்டேன் என்று தாலி ஏறுவதற்கு முன்பே முடிவு செய்திருந்தேன். அதுவும் தவிர, இவரை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. ஒரு வாரத்தில் அப்படி என்ன பிடித்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, பிடித்துப்போயிற்று.

ஆகையால் அன்றைக்கு இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு இவர் என் பயணத்துக்குத்தான் உலை வைத்துக்கொண்டிருந்தார். அது தெரியாமல் நானும் மோர் ஊற்றுவதை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். அந்த ஊர்க் காட்டில் வெயில் தரையில் விழாதாம். மரம் அவ்வளவு நெருக்கம். சருகு மேல் சருகாக விழுந்து கால் புதையக் கிடக்குமாம். அந்தச் சருகுக்குள்தான் காபோன் விரியன் படுத்திருக்கும் என்றார். தொடைப் பருமன் உடம்பு. தலை ஒரு பூவரச இலை அகலம், பார்ப்பதற்கும் காய்ந்த இலை மாதிரியே இருக்கும். பல் இவ்வளவு நீளம் என்று குழம்பு ஒட்டிய சுண்டுவிரலை நீட்டிக் காட்டினார்.

"ஓடாதாம், தொரத்தாதாம். ஒரே எடத்துல நாள் கணக்கா அசையாம கெடக்குமாம். எலி கிட்ட வந்தா மட்டும் ஒரே கவ்வு. மத்தபடி பக்கத்துலயே நடந்து போனாலும் நமக்குத் தெரியாது. அதான் அதோட சாமர்த்தியம்" என்றார் பெருமையாக. அந்தச் சாமர்த்தியத்தில் இவருக்கு ஏதோ பங்கு இருப்பதுபோல் இருந்தது பேச்சு.

அடுப்படிக் கதவுக்குப் பின்னால் கரண்டிச் சத்தம் நின்றது. அந்தக் காலத்தில் மாமியார் மாப்பிள்ளை எதிரில் வந்து நிற்க மாட்டாள். கதவுக்குப் பின்னால் இருந்துதான் பேசுவாள், அதையும் யாரிடமோ சொல்வதுபோல்தான் சொல்வாள். அம்மா என்னைக் கூப்பிட்டு, எல்லார் காதிலும் விழும்படி, "அது எங்க குடியிருக்குதுன்னு கேளுடி" என்றாள்.

நான் கேட்பதற்கு முன்பே இவர், "சருகுலதான் அத்தே" என்றார்.

"சருகு சரி. வூடு எங்கன்னு கேளு. புத்தா, வளையா, மரப் பொந்தா?"

"வூடே கெடையாது. எங்க சருகு இருக்கோ அங்க இருக்கும்."

கை கழுவி, வெற்றிலை போட்டு, இவர் போய்ப் படுத்த பிறகுதான் அம்மா வெளியே வந்து அப்பாவிடம், "பொண்ண அனுப்பறதா இல்ல. அவுரு போயிட்டு வரட்டும்" என்றாள். எனக்குக் கையில் இருந்த செம்பை எடுத்து எறியலாம்போல் இருந்தது. யார் மேல் எறிவது என்றுதான் தெரியவில்லை.

அப்பாவும் அம்மா பக்கம்தான். அவருக்குப் பாம்பென்றால் பயம் கிடையாது. எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. பயிர் வைப்பவன் பாம்புக்குப் பயந்தால் பிழைப்பு என்ன ஆகும். ஆனால் ஒவ்வொன்றும் எங்கே இருக்கும் என்று அவருக்கு மனப்பாடம். நல்ல பாம்புக்குப் புற்று. சாரைக்கு எலி வளை. தண்ணீர்ப் பாம்புக்கு ஏரி மதகு. இருக்கிற இடம் தெரிந்தால் அந்தப் பக்கம் காலை வைக்காமல் போய்விடலாம், அதுவும் நம் பக்கம் வராது என்பது அவர் கணக்கு. "வூடு வாசல் இல்லாம திரியற பாம்ப எப்பிடிம்மா நம்பறது?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். ஏதோ நாடோடிக்குப் பெண் கொடுக்கச் சொன்னதுபோல் இருந்தது அவர் முகம்.

இந்தச் செய்தி இவருக்குத் தெரிவதற்குள் பாம்பு ஊருக்குள் போய்விட்டது. சித்தப்பா ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லியிருந்தார். சாயங்காலமானால், "எங்க முசே? அந்தப் பாம்பு கதைய கொஞ்சம் சொல்லச் சொல்லுங்க" என்று ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். பிரெஞ்சு உத்தியோகக்காரரை எங்கள் பக்கம் 'முசே' என்றுதான் சொல்வார்கள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. சுண்டுவிரல் பல் ஆள்காட்டி விரலாக வளர்ந்தது. தொடைப் பருமன் தூணைத் தாண்டி உரலுக்குப் போனது. மடுகரையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர், அது மாட்டை விழுங்குமா என்று கேட்டார். இவர், "கன்னுக்குட்டியா இருந்தா..." என்று இழுத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே கூப்பிட்டேன்.

"உயிரோட எத்தினி பாம்பு பாத்தீங்க நீங்க?" என்று கேட்டேன்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணுகூட இல்ல. மரம் வெட்டறவங்க செத்தத ஒண்ண கம்புல கட்டித் தூக்கிட்டு வந்தாங்க. அததான் பாத்தேன்."

"நல்லா இருக்குது. அந்தச் செத்த பாம்பு கடிச்சித்தான் என் பயணம் நின்னுபோயிருக்குது" என்று விஷயத்தைச் சொன்னேன். பேயறைந்தவர் மாதிரி ஆகிவிட்டார். என்னை அனுப்ப மாட்டார்கள் என்பது அதுவரை அவருக்கு உறைக்கவே இல்லை. ஊரே சுற்றி உட்கார்ந்து கேட்டால், தன்னை எல்லாருக்கும் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து பாம்பைச் சின்னதாக்கும் வேலை ஆரம்பித்தது. அது நடுக்காட்டில் இருப்பது, நாங்கள் இருக்கப்போவது கடற்கரையோரம், நடுவில் தெரு இருக்கிறது, தெருவில் விளக்கு இருக்கிறது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். அது சோம்பேறி, மிதித்தால்கூடப் பாதி நேரம் சீறிவிட்டுச் சும்மா இருந்துவிடும் என்றார். ஊர்க்காரர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அம்மாவோ கதவுக்குப் பின்னாலிருந்து, "மிதிச்சாதான் தெரியுமாம் கேட்டியா" என்றாள். இவர் எதைச் சொன்னாலும் அது இவர் காலையே சுற்றியது.

கடைசியில் இவருக்கு ஒரு யோசனை வந்தது. சொன்னால்தானே புரியவில்லை, கண்ணால் காட்டிவிடலாம் என்றார். அது எப்படிப்பட்ட இடத்தில் இருக்கும், எப்படி அசையாமல் கிடக்கும், பக்கத்தில் போனாலும் ஒன்றும் செய்யாது என்பதைப் பார்த்துவிட்டால் பயம் போய்விடுமாம். வைக்கோல் பிரியை முறுக்கி, நடுவில் பருமனாக்கி, வால் பக்கம் சட்டென்று மெலியவிட்டு, பழைய வேட்டித் துணியைச் சுற்றித் தைத்தோம். தையல் என்னுடையது. நிறத்துக்குக் கரித்தூள், செங்கல் தூள், அரிசி மாவு, கொஞ்சம் மஞ்சள். முதுகு நெடுக வெளிர் நிறத்தில் சதுரம், சதுரத்துக்கு நடுவில் பழுப்பு, பக்கவாட்டில் முக்கோணம் என்று கணக்கு எழுதும் மனிதர் அளவெடுத்து வரைந்தார். எனக்குக் கோலம் போட்ட கை. "இந்தக் கட்டம் கோணலா இருக்குது" என்று நான் சொல்ல, "பாம்புக்கு அப்பிடித்தான்" என்று அவர் சொல்ல, அடுத்தடுத்து உட்கார்ந்து அதை முடித்தோம். அந்த இரண்டு பகல் போல் சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை. கையெல்லாம் மஞ்சளும் கரியுமாக இருந்த அவரைப் பார்த்தபோது, இந்த ஆளை மட்டும் கப்பலில் ஏற்றிவிட்டு நான் இங்கே என்ன செய்வது என்று நினைத்தேன்.

வீட்டுக்குப் பின்னால் மாவும் பலாவும் இலுப்பையும் நிற்கிற தோப்பு. மாசி பிறந்து இலை கொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் சருகை அள்ளிவந்து பரப்பினார். இலுப்பை மரத்தடியில் விரியனைச் சுருட்டி வைத்தார். தலையை மட்டும் சருகின் மேல் கிடத்தினார். பிறகு வீட்டாரைக் கூப்பிட்டு, எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்.

அப்பா, சித்தப்பா, சித்தி, கரும்பு வெட்ட வந்திருந்த ஆட்கள் எல்லாரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். மாப்பிள்ளை எதிரில் வரக்கூடாதே என்று அம்மா பலாமரத்துக்குப் பின்னால் நின்றாள். கதவுக்குப் பதில் மரம், அவ்வளவுதான். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. சித்தப்பா ஓர் இடத்தில் நின்றுகொண்டு, "இங்க இல்ல மாப்ள, ஏமாத்தறீங்க" என்றார். அவர் பெருவிரலுக்குப் பக்கத்தில் பாம்பின் தலை கிடந்தது. இவர் குனிந்து ஒரு குச்சியால் சருகை விலக்கிக் காட்டியதும் சித்தப்பா குதித்த குதியில் வேட்டி அவிழ்ந்துவிட்டது. வெட்டுக்கு வந்த ஆட்கள் சிரித்து ஓயவில்லை. நானும் சிரித்தேன்.

"பாத்தீங்களா? இவ்ளோ கிட்ட நின்னும் ஒண்ணும் ஆவல" என்றார் இவர், வெற்றிபெற்ற முகத்தோடு.

பலாமரம் பேசியது. "இத்தினி பேரு தேடியும் ஒருத்தர் கண்ணுல படல. எம்பொண்ணு ஒருத்தியா போயி எப்பிடிப் பாப்பான்னு கேளுங்க."

இவர் முகம் தொங்கிப்போயிற்று. இரண்டு நாள் பாடுபட்டு, அம்மா சொன்னதுதான் சரி என்று அம்மாவுக்கே நிரூபித்துக் காட்டியிருந்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மாப்பிள்ளை இருக்கிறார், ஆட்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அப்பா பக்கம் திரும்பினேன்.

"நம்ம கரும்புக் கொல்லையில சோகை கெடக்குதே, அதுல கண்ணாடி விரியன் இல்லியா? அதுக்கு எந்த ஊர்ல வூடு? சின்னப் புள்ளையில இருந்து கஞ்சிக் கலயத்த குடுத்து அதுக்குள்ளதான என்னை நடக்க வுட்டீங்க? அப்ப இந்தப் பயம் எங்க போச்சி?"

அப்பா கையில் இருந்த சருகை விரலால் பொடித்துக்கொண்டே இருந்தார். ஆட்களில் ஒருவர், "பாப்பா சொல்றதுல ஞாயம் இருக்குது" என்றார் மெதுவாக. வெட்டின கரும்பில் உரிந்த காய்ந்த இலைதான் சோகை, எங்கள் கொல்லை முழுக்கக் காலுக்கடியில் கிடப்பது. அது மேல் நடக்காமல் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வளர்ந்தவர்கள் யாரும் இல்லை.

அம்மாதான் பதில் சொன்னாள். இந்த முறை என்னிடமே சொன்னாள். "அது நம்ம பாம்பு. அதுக்கு நம்மளத் தெரியும். நம்ம ஊர்ல ஒனக்கு ஒண்ணுன்னா நான் ஓடியாந்துடுவேன். அங்க யாரு வருவா?"

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். எல்லாரும் கலைந்தார்கள். வைக்கோல் விரியனை எடுத்துவைக்க யாருக்கும் மனசில்லாமல் அது அங்கேயே கிடந்தது.

அதன் பிறகு யாரும் பாம்புப் பேச்சை எடுக்கவில்லை. கப்பல் பேச்சையும் எடுக்கவில்லை. நான் அப்பாவிடம் போனால், "உங்கம்மா சரின்னு சொன்னா எனக்கும் சரி" என்று கொல்லைக்குப் போய்விடுவார். அம்மாவிடம் போனால், "மாவு அரைக்கணும்" என்பாள். இவர் வில்லியனூருக்குப் போய்த் தன் பெட்டியை மட்டும் எடுத்துவந்தார். சட்டைகளை மடித்து அடுக்கினார். பெட்டியில் ஒரு பாதியை அப்படியே விட்டிருந்தார். "எதுக்கு இந்த எடம்?" என்று கேட்டேன். "சும்மாதான்" என்றார். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் அந்தப் பக்கம் போவதையே விட்டேன். கோபத்தில் இரண்டு வேளை சாப்பிடாமலும் இருந்து பார்த்தேன். அம்மா என் சோற்றைத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டாள், மறுநாள் அதையே தின்றேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அடுப்பெரிக்கச் சருகு அள்ளலாம் என்று கூடையோடு தோப்புக்குப் போனேன். இலுப்பை மரத்தடியில் சுற்றிலும் வட்டமாகப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. பெருக்கிய சருகை ஒன்றுகூட வீசாமல் நடுவில் குவித்திருந்தது. குவியலின் மேல் எங்கள் விரியன். தலையில் மஞ்சள் குங்குமம், கொஞ்சம் மல்லிகைப்பூ. பக்கத்தில் முட்டை. சருகு நனைந்து பால் வாசனை அடித்தது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் புற்றைக் கண்டால் பால் ஊற்றாமல் விட மாட்டார்கள். யாரோ ஒருத்தி வேலியைத் தாண்டி வந்து, நான் தைத்த பழைய வேட்டிக்குப் பூசை போட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். அடுப்படிக்கு ஓடிப்போய், "அம்மா, எவளோ ஒரு பைத்தியக்காரி அந்த வைக்கோலுக்குப் பால ஊத்தியிருக்கா, வந்து பாரேன்" என்றேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை. "நாந்தான் ஊத்தினேன்" என்றாள்.

"அது வைக்கோலும்மா."

"தெரியும். நான்தான பிரி முறுக்க வைக்கோலு எடுத்துக் குடுத்தேன்."

அவள் தண்ணீரை இறுத்துவிட்டு மறுபடி ஊற்றினாள். "அந்த ஊர்ல அதுக்குப் புத்து இல்லன்னுட்டாரு. நீ எங்க போயி ஊத்துவ? நானும் அவ்ளோ தூரம் வரமுடியாது. அதான் இங்கியே அதுக்கு ஒரு வூடு வெச்சி சொல்லிட்டேன். இந்த மாதிரி, எம்பொண்ணு வரா, பாத்துக்கோன்னு."

சற்றுக் கழித்து, "அவுரு பேரையும் சேத்துத்தான் சொன்னேன்" என்றாள். "அவுருதான் கீழ பாத்து நடக்கற ஆளே இல்ல."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். வெகு நாளாக ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, ஆனால் சந்தோஷமாக அழுதேன் என்று சொன்னால் பொய். அந்தக் கணம் வரைக்கும் போக வேண்டும் போக வேண்டும் என்று குதித்தேனே தவிர, போனால் அவள் நானில்லாமல் இங்கே இருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மா ஈரக் கையால் என் தலையைத் தள்ளி, "போ, பெட்டியில எந்தப் பொடவ வெக்கணும்னு எடுத்து வை. நல்லத நாலு வை. அங்க யாரு பாக்கப்போறான்னு பழச அடைக்காத" என்றாள்.

காபோனில் எங்கள் வீட்டுக்கு எதிரில் நிஜமாகவே தெரு இருந்தது, தெருவில் விளக்கும் இருந்தது. அந்த ஒன்றில் என் வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. வெகு காலம் வரைக்கும் பாம்பு என்று ஒன்று கண்ணில் படவே இல்லை. அவரோடு வேலை பார்த்தவரின் கொக்கோத் தோட்டம் ஊருக்கு வெளியே இருந்தது. ஒருநாள் பகலில் அந்தத் தோட்டக்காரரின் மனைவியோடு நான் அங்கே போனபோது, அவள் முன்னால் போய்விட, நான் மரங்களுக்கு நடுவில் தனியாக நின்றேன். கொக்கோ இலை அகலமானது, விழுந்தால் தோல் செருப்பு நிறத்தில் சுருண்டு கிடக்கும். மழைக்கு நனைந்து நனைந்து தரையே தெரியாமல் இருந்தது. ஒரு காலை எடுத்து வைக்கப் போனவள், சருகில் ஒரு சதுரம் கோணலாக இருப்பதைப் பார்த்தேன். அடுத்து இன்னொரு சதுரம். நாங்கள் வரைந்ததைவிட எவ்வளவோ அழகு. ஊதா நிறம் ஒன்று உள்ளே ஓடியது. அதை இவர் எனக்குச் சொல்லவே இல்லை. தலை ஓர் இலை மேல் இன்னோர் இலையாகக் கிடந்தது. கண் மட்டும் மின்னியது. கொல்லன் துருத்திபோல் ஒருமுறை மூச்சு விட்டது.

தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றேன். வாய் தானாகப் பேசிற்று.

"பாகூர்ல இருந்து வரேன். எங்கம்மா ஒங்கிட்ட சொல்லியிருப்பாங்களே" என்றேன்.

அது அசையவில்லை. நான் காலைப் பின்னால் வைத்து, வந்த வழியே நடந்தேன்.